அட்டவணையில் விட்டுப்போன கட்டங்கள்

மாலத்தீவுக்குப் போவது என்று முடிவானதும் நாங்கள் நான்கு குடும்பமும் முதலில் செய்த வேலை, ஓர் எக்ஸெல் அட்டவணை போட்டதுதான். பதினாறு ரிசார்ட்டுகள், ஒவ்வொன்றுக்கும் பதினோரு கட்டங்கள். ஓர் இரவுக்கு எவ்வளவு, காலை உணவு சேர்த்தா, நீர்மேல் வில்லாவா கரையோர வில்லாவா, வில்லாவிலிருந்து கடலுக்குள் சறுக்கு உண்டா, நீச்சல் குளம் தனியா பொதுவா, விமான நிலையத்திலிருந்து வேகப்படகா கடல் விமானமா, குழந்தைகளுக்குக் கட்டணம் உண்டா, சைவம் கிடைக்குமா, வைஃபை எப்படி, எத்தனை நட்சத்திரம், கடைசியாக 'போட்டோவுக்கு எப்படி'. அந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தான் அதிக நேரம் செலவானது. இரவு பதினொன்றரை மணிக்கெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் நீலநிறப் படங்கள் வந்து விழுந்துகொண்டிருக்கும்.

2023 மே மாதக் கடைசியில் போய் நான்கு இரவுகள் தங்கித் திரும்பினோம். ரிசார்ட் மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சொன்னதையெல்லாம் கொடுத்தார்கள். குறை எங்களுடையது. அதைத் திரும்பி வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய அட்டவணையைத் திறந்து பார்த்தபோது, பதினோரு கட்டங்களில் ஒன்றுகூட அந்த நாட்டைப் பற்றியதாக இல்லை என்பது தெரிந்தது. அதே அட்டவணையை வைத்துக்கொண்டு பாலிக்கோ புக்கெட்டுக்கோ போயிருந்தாலும் ஒரு கட்டத்தையும் மாற்ற வேண்டியிருந்திருக்காது.

இதை எங்கள் நான்கு வீட்டுக் கதையாக மட்டும் எழுதவில்லை. 2023இல் மாலத்தீவுக்கு அதிகம் பேரை அனுப்பிய நாடு இந்தியா. இரண்டு லட்சத்துக்கு மேல். அவர்களில் எத்தனையோ பேர் கையில் இதே அட்டவணை வேறு வேறு எழுத்துருவில் இருந்திருக்கும். எனவே இனி 'நாங்கள்' என்று எழுதும் இடத்தில் எல்லாம் வாசகர் தன்னையும் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை.

மாதம்

பிள்ளைகளுக்கு விடுமுறை மே மாதம். ஆகவே நாங்களும் மே. விலை வேறு குறைந்திருந்தது. ஏன் குறைந்திருக்கிறது என்று எட்டுப் பெரியவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பேரம் படிந்துவிட்ட சந்தோஷத்தில் முன்பணம் கட்டினோம்.

மாலத்தீவுக்காரர்கள் ஆண்டை இரண்டாகப் பிரிக்கிறார்கள். 'இருவாய்' என்பது வடகிழக்குக் காற்றின் காலம். ஏறத்தாழ டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. வெயில், அமைதியான கடல், அதற்கேற்ற விலை. 'ஹுள்ஹங்கு' தென்மேற்குக் காற்றின் காலம். மே மாதம் தொடங்கிவிடும். மழையும் அலையும் அதனுடையவை. நாங்கள் போய் இறங்கியது ஹுள்ஹங்கின் வாசற்படியில். நான்கு நாளில் இரண்டரை நாள் மழை. நீர்மேல் வில்லாவின் கண்ணாடித் தரைக்குக் கீழே கடல் சாம்பல் நிறத்தில் முட்டி மோதிக்கொண்டிருந்தது. "ஏமாத்திட்டாங்க" என்றார் எங்களில் ஒருவர். யார் யாரை ஏமாற்றினார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை.

எனக்கு இதில் கூடுதல் வெட்கம் உண்டு. நான் வளர்ந்தது தூத்துக்குடியில். எங்கள் தெருவில் ஒரு தோணித் தண்டல் இருந்தார். காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலி போய் வருவார். தோணிக்காரர்கள் வாயில் தலைநகர் மாலே எப்போதும் மாலிதான். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டால் தோணிகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். தண்டல் திண்ணையில் உட்கார்ந்து சீட்டு விளையாடுவார். அந்த மாதங்களில் அந்தக் கடலுக்குப் பாய் விரித்துப் போகக் கூடாது என்பது எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். பாய்மரத்திலிருந்து கடல் விமானத்துக்கு மாறியவுடன் காற்றும் மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன் போல.

கடல் விமானத்தைப் பற்றியும் ஒன்று. அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். எங்களில் ஒரு குடும்பம் மலிவாகக் கிடைத்த மாலை விமானத்தில் வந்து, விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேயில் ஒரு விடுதி பிடித்து இரவைக் கழித்தது. தீவிலிருந்த வில்லாவுக்கும் அன்றிரவு வாடகை ஓடியது. அட்டவணையில் 'வேகப்படகா கடல் விமானமா' என்ற கட்டம் இருந்தது. 'எத்தனை மணிக்கு' என்ற கட்டம் இல்லை.

மழைக்காலம் என்றாலே வீண் என்றும் சொல்ல முடியாது. பா அட்டோலில் உள்ள ஹனிஃபாரு வளைகுடாவில் மந்தா திருக்கைகள் கூட்டமாக வந்து மிதவை உயிரிகளை மேய்வது இந்தத் தென்மேற்குக் காற்று மாதங்களில்தான். அதைப் பார்ப்பதற்காகவே மழையை ஏற்றுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மாதத்தைத் தெரிந்து தேர்ந்தெடுத்தவர்கள். நாங்கள் தள்ளுபடியைத் தேர்ந்தெடுத்தவர்கள்.

ஊர்

தூத்துக்குடிக்கும் மாலேக்கும் கடல்வழி ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டர். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வருவதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஒரு நாட்டைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது மூன்று விஷயம்: தண்ணீர் நீலம், தேனிலவுக்குப் போவார்கள், சீக்கிரம் மூழ்கிவிடும்.

அங்கே சுற்றுலா 1972இல் தொடங்கியது. இத்தாலியிலிருந்து ஒரு சிறு குழு வந்தது. தங்குவதற்கு விடுதியே இல்லாததால் மாலேயில் வீடுகளில் தங்க வைத்தார்கள். அதே ஆண்டு திறந்த முதல் ரிசார்ட்டின் பெயர் குரும்பா. விளம்பரங்களில் இந்தப் பெயரை நூறு தடவை பார்த்திருப்போம். திவேஹி மொழியில் குரும்பா என்றால் இளநீர்க் காய். தமிழில் தென்னை, பனையின் பிஞ்சுக்குப் பெயர் குரும்பை. சொல்லைப் பார்த்ததும் நின்றிருக்க வேண்டும். நின்றவர் எங்களில் யாரும் இல்லை.

காலை உணவு வரிசையின் கடைக்கோடியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் 'மஸ் ஹுனி' என்று எழுதி வைத்திருந்தார்கள். சூரை மீன் துண்டு, தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு. தொட்டுக்கொள்ள மெல்லிய ரொட்டி. நாங்கள் கிராஸான் எடுக்கப் போகும் வழியில் அதைத் தாண்டிப் போனோம். எங்கள் அம்மா இருந்திருந்தால் வாசனையிலேயே பிடித்திருப்பாள். 'மஸ்' என்றால் அவர்கள் மொழியில் மீன். சூரையை அவித்து, புகையிட்டு, வெயிலில் கட்டையாகும்வரை காய வைப்பதுதான் நம்மூர் மாசி. அம்மியில் தட்டிச் சம்பலில் போடுவோம். இலங்கையில் அது இல்லாமல் சமையலே ஓடாது. வீட்டு அடுக்களையில் இருந்த பண்டத்தை வெளிநாட்டு மேசையில் அடையாளம் தெரியாமல் விட்டுவிட்டு வந்தோம்.

பல்லாங்குழியில் போட்டு ஆடிய சோழிக்கும் இந்தத் தீவுகளோடு உறவு உண்டு. நூற்றாண்டுகளாக மாலத்தீவுச் சோழி கப்பலேறி வங்காளத்துக்குப் போய் அங்கே காசாகப் புழங்கியது. ராஜராஜ சோழன் தன் வெற்றிகளின் பட்டியலில் பன்னிரண்டாயிரம் பழந்தீவுகளைச் சேர்த்திருக்கிறான். அவை மாலத்தீவுகளே என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்வது. சோழர் கடற்படை பற்றிப் பேச எங்கள் குழுவில் ஆள் உண்டு. விமானத்தில்கூடப் பேசினார். இறங்கியபின் எங்கே இறங்கியிருக்கிறோம் என்பதோடு அதை இணைத்துப் பார்க்கவில்லை.

இதெல்லாம் இனிப்பான உறவு. கசப்பான ஒன்றும் இருக்கிறது. 1988 நவம்பர் 3 அன்று அப்துல்லா லுதுஃபி என்ற மாலத்தீவுக்காரர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றபோது, அவரோடு படகில் வந்து மாலேயில் இறங்கிய ஆயுததாரிகள் இலங்கைத் தமிழ் இயக்கமான புளொட்டைச் சேர்ந்தவர்கள். அதிபர் கயூம் உதவி கேட்க, ஆக்ராவிலிருந்து இந்தியப் பாராசூட் படையினர் அன்றிரவே ஹுல்ஹுலே விமான தளத்தில் வந்து இறங்கினார்கள். கவிழ்ப்பு முறியடிக்கப்பட்டது. மாலத்தீவுக்காரர்களும் உயிரிழந்தார்கள். அங்கே நவம்பர் 3 இன்றும் வெற்றி நாள். அந்த ஊரில் ஒரு நடுவயதுக்காரருக்குத் தமிழ் என்ற சொல் எதை நினைவூட்டக்கூடும் என்பதை, தமிழில் சத்தமாகச் சிரித்துக்கொண்டு விமான நிலையத்தில் நின்ற நாங்கள் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று கேட்கலாம். ஒன்றும் செய்திருக்க மாட்டோம். குரலையாவது கொஞ்சம் தணித்திருப்போம்.

ஆள்

மேசையில் எங்களுக்குப் பரிமாறியது ஓர் இளைஞர். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தும் எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்று நாளும் அவரிடம் ஆங்கிலத்தில் பேசினோம். எங்களுக்குள் தமிழில் பேசிக்கொண்டோம். சாம்பார் என்று வைத்திருப்பதைப் பற்றி, பக்கத்து மேசை ஐரோப்பியத் தம்பதியைப் பற்றி, டிப்ஸ் எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதைப் பற்றி. கடைசி விஷயத்தை அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கும்போதே பேசினோம்.

நான்காம் நாள் காலையில் என் நாத்தனாரின் சின்னப் பெண் தோசையைத் தள்ளிவிட்டு அழுதபோது, அவர் குனிந்து, "அழாத பாப்பா, பொடி வச்சுத் தரவா?" என்றார்.

மேசை அமைதியாகிவிட்டது. பரமக்குடிப் பக்கம் என்றார். ஏஜென்ட் மூலம் வந்து இரண்டரை வருடம் ஆகிறது.

"முதல்நாளே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றேன்.

"நீங்க கேக்கலையேக்கா" என்றார். அதில் கோபம் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பதிலை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரைக்கே அது போதும்.

பிறகு கொஞ்சம் பேசினார். தீவின் பின்பக்கம், அடர்ந்த செடிக்கு அப்பால், ஊழியர் குடியிருப்பு இருக்கிறது. விருந்தினர் பாதை எதுவும் அங்கே போகாது. அவரோடு அறையில் தங்கியிருப்பவர்கள் வங்கதேசத்துக்காரர்கள். தோட்டவேலையும் சலவையும் அவர்களுக்கு. அந்த நான்கு நாளில் எங்கள் கண்ணில் ஒரு வங்கதேசத்துக்காரரும் படவில்லை. காலையில் மணலில் எங்கள் காலடித் தடம் அழிந்து சமமாக இருக்கும். யாரோ விடியுமுன் வந்து சீவியிருக்கிறார்கள்.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாலத்தீவில் இருந்தவர்கள் 5 லட்சத்து 15 ஆயிரம் பேர். அதில் நாலில் ஒருவர் வெளிநாட்டவர். அதே ஆண்டு அந்நாடு முதன்முதலாகக் குறைந்தபட்ச ஊதியத்தைக் கொண்டுவந்தபோது, வெளிநாட்டுத் தொழிலாளர்களை அதில் சேர்க்கவில்லை. வளைகுடாவில் நம் பிள்ளைகள் படும் பாட்டைப் பற்றிக் கண்ணீரோடு பகிர்கிற நாம், விடுமுறைக்குப் போன இடத்தில் அதே பிள்ளைகளிடம் இன்னொரு தட்டு கேட்டுவிட்டு நகர்ந்திருக்கிறோம்.

மாலத்தீவுக்காரர்களையும் சந்தித்தோம் என்று சொல்வதற்கில்லை. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பது அங்கே ஆரம்பத்திலிருந்து நடைமுறை. ரிசார்ட் தீவில் ஊர் கிடையாது. ஊர் இருக்கும் தீவில் மது கிடையாது. மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லம் நடத்தலாம் என்று விதி தளர்ந்தது 2009–10 வாக்கில்தான். மாஃபுஷி போன்ற ஊர்களில் குடும்பங்களே நடத்தும் சிறு விடுதிகள் அதன்பிறகு பெருகின. கடை, பள்ளி, பள்ளிவாசல், மீன் சந்தை என்று ஊர் ஊராக இருக்கும். உடையில் அடக்கம் வேண்டும். வெளிநாட்டவர் குளிக்கத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். செலவும் ரிசார்ட்டில் ஆவதில் ஒரு பங்குதான். எங்கள் பதினாறு பெயரில் அப்படி ஒன்றுகூட இல்லை. யாரும் தேடவே இல்லை.

தண்ணீரும் குப்பையும்

நால்வர் குடும்பத்துக்கு நான்கு இரவுக்குப் பச்சை வரி 96 டாலர் என்று ரசீதில் வந்தபோது எங்கள் குழுவில் பெரிய விவாதம். அப்போது தலைக்கு ஒரு நாளைக்கு 6 டாலர். 2025இலிருந்து ரிசார்ட்டுகளில் 12 ஆகிவிட்டது. "இது என்ன புதுசா" என்றோம். அது 2015இலிருந்தே இருக்கிறது. குப்பையையும் கழிவுநீரையும் குடிநீரையும் சமாளிப்பதற்கான வரி. அறை விலையை மட்டும் பார்த்துவிட்டு, அதன்மேல் ஏறும் வரியையும் சேவைக் கட்டணத்தையும் பார்க்காமல் விட்டது எங்கள் கவனக்குறைவு. எதற்காக வரி என்று கேட்காமல் முணுமுணுத்தது அதைவிடப் பெரிய கவனக்குறைவு.

அந்தத் தீவுகளில் ஆறு கிடையாது. மண்ணுக்கடியில் மழைநீர் ஒரு மெல்லிய அடுக்காக மிதக்கும். அதைக் கொஞ்சம் அதிகமாக இறைத்தால் உப்பு ஏறிவிடும். ஆகவே ரிசார்ட்டுகள் கடல்நீரை இயந்திரத்தில் செலுத்தி நன்னீராக்குகின்றன. இயந்திரம் ஓடுவது பெரும்பாலும் டீசலில். எங்கள் வில்லாவில் ஒரு தனிக் குளம், ஒரு தொட்டி, உள்ளே ஒரு ஷவர், வெளியே ஒரு ஷவர். வெளியே கடல். சென்னையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த 2019ஆம் வருடக் கோடையை மறக்காதவர்கள்தான் நாங்கள். பிள்ளைகள் உப்புநீரிலிருந்து ஓடிவந்து நன்னீரில் குதிப்பதைப் படமெடுத்துக்கொண்டிருந்தோம்.

2014 டிசம்பரில் மாலேயின் நீர் நிலையத்தில் தீப்பிடித்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குக் குழாய் வறண்டது. இந்தியாவிலிருந்து விமானத்திலும் கடற்படைக் கப்பலிலும் தண்ணீர் போனது. அது செய்தியாக வந்த நாளில் நாமும் படித்திருப்போம், பெருமைப்பட்டும் இருப்போம். ஒரு தீப்பொறியில் தலைநகரமே தாகத்தில் நிற்கும் நாடு என்ற நினைவு, குளத்தோடு கூடிய வில்லாவைத் தேர்ந்தெடுக்கும்போது வரவில்லை.

குப்பைக்கும் ஒரு தீவு உண்டு. பெயர் திலஃபுஷி. மாலேக்கு மேற்கே, ஆழமில்லாத கடலாக இருந்த இடத்தை 1990களின் தொடக்கத்திலிருந்து குப்பையைக் கொட்டியே தீவாக்கினார்கள். பல ஆண்டுகள் அங்கே திறந்தவெளியில் குப்பை எரிந்தது; 2021இல்தான் அது நின்றது. எங்கள் பிள்ளைகள் நாளுக்கு எத்தனை தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாதியில் வைத்தார்கள் என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தாலும் அவை எங்கே போகின்றன என்று கேட்டிருக்க மாட்டோம். பள்ளிக்கரணைக் குப்பைமேட்டைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் கைவந்தது.

பவளம்

முகமது நஷீத் அதிபராக இருந்தபோது, 2009 அக்டோபரில் தன் அமைச்சர்களோடு கடலுக்கடியில் அமர்ந்து அமைச்சரவைக் கூட்டம் நடத்தினார். கடல்மட்டம் உயர்ந்தால் எங்கள் கதி இதுதான் என்று உலகத்துக்குக் காட்டினார். நாட்டின் மிக உயரமான இயற்கை மேடே ஏறத்தாழ இரண்டரை மீட்டர்தான். அந்தப் படத்தைப் பார்த்து நாங்கள் எடுத்த முடிவு என்ன தெரியுமா? "மூழ்கறதுக்குள்ள ஒருதடவை பாத்துடணும்." இது எங்கள் குழுவில் வந்த வாசகம். பத்துப் பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். அதில் என்னுடையதும் உண்டு.

நாங்கள் படமெடுத்த வெண்மணலில் பெரும்பங்கு கிளிமீன்களின் கைங்கரியம். அவை பவளத்தைக் கொறித்துத் தின்று, மாவாக்கி, மணலாக வெளியே விடுகின்றன. பவளம் இருந்தால் கிளிமீன், கிளிமீன் இருந்தால் மணல், மணல் இருந்தால் தீவு. 1998இல் கடல் சூடேறி அங்கே ஆழமற்ற இடங்களில் இருந்த பவளத்தில் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது. தேறி வரும்போது 2016இல் மறுபடி வெளுத்தது. இவ்வளவும் தாங்கி மிச்சமிருந்த ஒரு பவளத்தின்மேல் எங்கள் வீட்டுக்காரர் துடுப்புக் காலோடு ஏறி நின்று முகமூடியைச் சரி செய்துகொண்டார். வழிகாட்டி தண்ணீருக்குள்ளிருந்தே கையை ஆட்டினார். நாங்கள் கரையிலிருந்து திருப்பி ஆட்டினோம்.

திரும்பும் நாளில் என் மகன் கரையிலிருந்து ஒரு வெள்ளைப் பவளத் துண்டை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பவளத்தை அங்கிருந்து கொண்டுவருவது சட்டப்படி குற்றம். அறையில் வைத்திருந்த அறிவிப்புத் தாளிலேயே அது இருந்ததாம், பிறகு சொன்னார்கள். அவன் எடுத்ததை நான் பார்த்தேன். குழந்தைதானே என்று விட்டேன். பெட்டியில் துணிக்குள் சுற்றி வைத்தது குழந்தை இல்லை, நான்.

நம் கரையில் பவளம் இல்லாமலா இவ்வளவும்? ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986இலேயே தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பல காலம் பவளப்பாறையை வெட்டியெடுத்தோம். அவற்றில் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்காரியான நான் மூழ்குகிற தீவைப் பார்ப்பதற்குக் கடல் தாண்டிப் போனேன்.

புறக்கணிப்பு

2024 ஜனவரியில் ஒரு கூத்து நடந்தது. இந்தியப் பிரதமரின் லட்சத்தீவுப் பயணத்தை ஒட்டி மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் இழிவாக எழுத, இங்கே சமூக ஊடகங்களில் மாலத்தீவைப் புறக்கணிப்போம் என்று கிளம்பினார்கள். அந்த ஆண்டு அங்கே போன இந்தியர் எண்ணிக்கை கணிசமாகச் சரிந்தது. எங்கள் குழுவிலும் அடுத்த பயணம் லட்சத்தீவு என்று தீர்மானம் போட்டோம்.

அட்டவணையைத் தூசி தட்டி எடுத்தோம். தலைப்பை மட்டும் மாற்றினோம். கட்டங்கள் அதே பதினொன்று. லட்சத்தீவில் மக்கள் வாழ்வது பத்துத் தீவுகளில். உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கேயும் மண்ணுக்கடியில் அதே மெல்லிய நன்னீர் அடுக்குதான். மினிக்காயில் பேசுவதும் திவேஹியின் ஒரு வடிவம்தான். அதெல்லாம் யாருக்கு வேண்டும்? தேசபக்தியைக் காட்ட ஒரு நீலத்தை விட்டு இன்னொரு நீலத்துக்குத் தாவினோம். தீவுதான் மாறியது. எங்களுக்குக் கேட்கத் தெரியாதது மாறவில்லை.

இன்னொரு கணக்கையும் அப்போது கவனிக்கவில்லை. அதே 2024இல், சண்டை ஓயாத மாதங்களிலேயே, இந்திய அரசு மாலத்தீவுக்கு ஏற்றுமதி செய்ய அனுமதித்த பொருள்களின் அளவை உயர்த்தியது. ஆற்றுமணல் 10 லட்சம் டன், ஜல்லி 10 லட்சம் டன், முட்டை 42 கோடிக்கு மேல். வெண்மணல் தீவில் வீடு கட்ட ஆற்றுமணல் நம் நாட்டிலிருந்து போகிறது. நாங்கள் அங்கே காலையில் தின்ற ஆம்லெட்டே நாமக்கல்லிலிருந்து தூத்துக்குடி வழியாகப் போனதாக இருக்கலாம். இப்படிப் பின்னிக் கிடக்கும் இரண்டு ஊர்களைப் பார்த்து, 'போவோம்', 'போக மாட்டோம்' என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் எங்களுக்குப் பேச வரவில்லை.

சேர்க்க வேண்டிய கட்டங்கள்

கடற்கரைக்குப் போவதே குற்றம் என்று சொல்ல வரவில்லை. அந்த நாடு பிழைப்பது சுற்றுலாவிலும் மீனிலும்தான். போகாமல் இருப்பது அவர்களுக்கு உதவி ஆகாது. எங்களுக்கும் ஓய்வு தேவைப்பட்டது. மழை விட்ட அந்த ஒன்றரை நாளில், கழுத்தளவு தண்ணீரில் நின்று பிள்ளைகள் மீனைக் கண்டு கத்தியபோது நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை இப்போது பொய் என்று சொல்லமாட்டேன்.

ஆனாலும் அட்டவணையைத் திருத்தியிருக்கிறோம். அடுத்து எந்தக் கடற்கரைக்குப் போனாலும், அது மாலத்தீவோ இலங்கையின் கிழக்குக் கரையோ தாய்லாந்தோ, பணம் கட்டுமுன் இவற்றுக்கு விடை எழுத வேண்டும். தீவின் அல்லது ஊரின் பெயர் என்ன, அந்தப் பெயருக்கு என்ன பொருள். அந்த மாதம் அங்கே என்ன காற்று. விமானம் இறங்கும் நேரத்துக்கு அடுத்த படகு உண்டா. எல்லா வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது. பவளத்தின்மேல் நிற்காமல் நீந்தச் சொல்லித்தர ஆள் உண்டா. ஊர்க்காரர்கள் நடத்தும் இடம் ஏதாவது கிடைக்குமா. பரிமாறுகிறவரிடம் முதல் நாளே ஊர் கேட்பது என்பதைக் கடைசியாக எழுதினோம். ஒரு வாரம் கழித்து யாரோ அதை முதல் கட்டமாக மாற்றிவிட்டார்கள்.

இவற்றில் பாதிக்கு ரிசார்ட்டுகளே மின்னஞ்சலில் பதில் சொல்லும். கேட்டால் போதும். கேட்கிறவர்கள் அதிகமானால், பதில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கும் வரும். நீங்களும் கேளுங்கள்.

அந்தப் பவளத் துண்டு இன்னும் எங்கள் வீட்டு ஷோகேஸில், தஞ்சாவூர்ப் பொம்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைக்க வழியில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. போன வாரம் மகன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது எந்தத் தீவும்மா?" என்று கேட்டான். ரிசார்ட்டின் பெயர் உடனே வாயில் வந்தது. தீவின் பெயர் வரவில்லை. பழைய ரசீதைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை.